கொதிகலனுக்குச் சான்றிதழ் உண்டு, தொழிலாளி காலுக்கு?

செம்பனை ஆலையில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். நீராவிக் கொதிகலனுக்குத் தகுதிச் சான்றிதழ் இல்லையென்றால் அதை இயக்கக் கூடாது. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2024 ஜூன் 1ஆம் தேதி அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் இந்த விதி போகவில்லை. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் அது இன்றும் இருக்கிறது. குழாயில் உப்புப் படிந்திருக்கிறதா, இரும்புத் தகடு மெலிந்துவிட்டதா, ஒட்டிய இடத்தில் விரிசல் விட்டிருக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகே கையெழுத்து விழும்.

நல்ல சட்டம். கொதிகலன் வெடித்தால் முதலில் சாகிறவன் தொழிலாளிதான். ஆகவே இதைப் பற்றி நமக்குக் குறை ஒன்றும் இல்லை. நாம் கேட்பது வேறு. அந்த ஆலைக்குக் குலை வெட்டிப் போடுகிற மனிதனின் உடம்பிலும் குழாய்கள் இருக்கின்றனவே, அவற்றில் படிவு சேர்ந்திருக்கிறதா, அடைப்பு விழுந்திருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது யார் பார்க்கிறார்கள்?

கிள்ளான், காப்பார், பந்திங் பக்கம் போய்ப் பாருங்கள். தோட்டத்து லயங்களிலும், தோட்டம் விற்கப்பட்ட பிறகு நம்மவர்கள் குடியேறிய அடுக்குமாடி வீடுகளிலும், கால் விரல் போனவர், பாதம் போனவர், முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டவர் என்று எத்தனை பேரைக் காண்கிறோம்! கேட்டால், "இனிப்பு நீர் தம்பி, என்ன செய்யறது" என்று ஒரே பதில். விதி என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொள்கிறார்கள். இதில் விதியின் பங்கு கொஞ்சம். மிச்சமெல்லாம் நேரத்தில் பார்க்காததால் வந்த வினை.

கணக்கு என்ன சொல்கிறது?

சுகாதார அமைச்சின் தேசியச் சுகாதார ஆய்வு 2019ஆம் ஆண்டில் எடுத்த கணக்குப்படி, மலேசியாவில் பெரியவர்களில் 100க்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் அது 100க்கு 31.4. அதாவது நம் வீட்டுப் பெரியவர்கள் மூவரை உட்கார வைத்தால், அவர்களில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்த நோய். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாடு முழுமைக்குமான விகிதம் 15.6 ஆகக் குறைந்தது. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனாலும் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் என்பது சின்னக் கணக்கல்ல.

சர்க்கரை, சிகரெட், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகிய நான்கும் சேர்ந்தால் நல்ல இரத்தத்தைக் கொண்டு போகிற குழாய்களின் உள்சுவரில் படிவு சேரும். குழாய் குறுகும். இதயத்தில் குறுகினால் மாரடைப்பு என்கிறோம். கழுத்துக் குழாயிலோ மூளையிலோ குறுகினால் பக்கவாதம். காலில் குறுகினால் அதற்கு நம் வாயில் பெயரே இல்லை. "கால் வலி" என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்கிறோம். 2010ஆம் ஆண்டில் உலகத்தில் 20 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குக் கால் இரத்தக் குழாய் அடைப்பு இருந்ததாக 2013இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஏழை, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள். பணக்காரர்களின் நோய் இது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கணக்கே பதில்.

நம் தாய்த் தமிழகத்திலும் எடுத்த கணக்கு உண்டு. சென்னையில் தியாகராய நகர், திருமங்கலம் ஆகிய இரண்டு பகுதி மக்களைப் பரிசோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கை அழுத்தத்தையும் கணுக்கால் அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், மொத்தத்தில் 100க்கு 3.2 பேருக்குக் கால் குழாய் அடைப்பு. நீரிழிவு உள்ளவர்களிடம் மட்டும் அது 6.3. அத்தனை பேரும் நோயாளிகளாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அல்லர். வீட்டில் இருந்தவர்களைத் தேடிப் போய்ப் பார்த்ததில் தெரிய வந்தது. தேடினால்தான் தெரியும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

கால் எப்படிப் போகிறது?

குழாய் குறுகிய காலுக்கு, சும்மா இருக்கும்போது தேவையான இரத்தம் கிடைத்துவிடும். நடக்கும்போது, மேடு ஏறும்போது, குலையைத் தூக்கும்போது பற்றாது. கெண்டைக்கால் சதை இறுக்கிப் பிடிக்கும். நின்றால் சில நிமிஷத்தில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். இந்த ஒழுங்குதான் அடையாளம். நாள் போகப் போக, நடக்கிற தூரம் குறையும். அப்புறம் ராத்திரி படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும். கட்டிலை விட்டுக் காலைத் தொங்கப் போட்டால் கொஞ்சம் சுகமாக இருக்கும்.

இனிப்பு நீர்க்காரர்களுக்கு இன்னொரு வஞ்சகம். நோய் நரம்பையும் மரக்கச் செய்வதால் வலியே தெரியாமல் போகலாம். வலிக்காத காலை யார் கவனிப்பார்கள்? செம்பனை மட்டையின் முள் பூட்ஸைத் தாண்டிக் குத்தும். குத்தியது தெரியாது. சீழ் பிடிக்கும். ஆற வேண்டுமென்றால் இரத்தம் வந்து சேர வேண்டும். வருகிற குழாயோ அடைத்திருக்கிறது. மருந்து போட்டாலும் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆளில்லை என்ற கதைதான்.

முப்பது வருஷம் பால் வெட்டிய ஒரு பெரியவரை நான் அறிவேன். தோட்டத்தை விட்டு வெளியேறிக் கிள்ளான் பக்கம் மகன் வீட்டில் இருந்தார். பசார் வரைக்கும் போக நாலு இடத்தில் நிற்பார். "வயசாச்சில்ல" என்று வீட்டிலும் சொன்னார்கள், அவரும் சொன்னார். கட்டை விரலில் சின்னப் புண் வந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கட்டுப் போட்ட இடத்தில் யாரும் பாதத்தில் நாடி அடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவில்லை. விரல் கறுத்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. தெரிந்து என்ன? அதற்குள் நேரம் கடந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த ஸ்கேன் மூன்று மாதம் முன்னால் எடுக்கப்பட்டிருந்தால் காலைக் காப்பாற்ற ஒரு வழி இருந்திருக்கும்.

பார்க்கிற வழிகள்

முதல் கருவி விரல். பாதத்தின் மேற்புறத்திலும், உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி அடிக்கும். தொட்டுப் பார்க்க ஒரு காசு செலவில்லை.

இரண்டாவது, கையில் அழுத்தம் பார்ப்பது போலக் கணுக்காலிலும் பார்ப்பது. கையடக்கமான ஒரு டாப்ளர் கருவியை வைத்தால் இரத்த ஓட்டம் 'உஷ், உஷ்' என்று காதில் கேட்கும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுக்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் விடை 0.6. 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். எவ்வளவு கீழோ அவ்வளவு மோசம். ஆனால் ஒரு எச்சரிக்கை: நெடுநாள் இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகிவிடும். பட்டையை இறுக்கினாலும் குழாய் அமுங்காது. ஆகவே எண் 1.4க்கு மேல்கூடப் போகும். அதைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. அப்போது கால் கட்டை விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இதன் சரித்திரத்தைத் தொழிலாளர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இயன் டொனால்ட் என்பவர் கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர். இரும்பில் விரிசல் பார்க்க, மனிதக் காதுக்குக் கேளாத ஒலியைச் செலுத்தும் கருவி இருக்கிறதென்று கேள்விப்பட்டார். 1955ஆம் ஆண்டு, அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ரென்ஃப்ரூ என்ற ஊருக்குப் போனார். அங்கே இருந்தது பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கம்பெனி. கொதிகலன் செய்கிற கம்பெனி! ஆலைத் தகட்டைச் சோதிக்கிற கருவியைக் கட்டிமேல் வைத்துப் பார்த்தார். நீர்க்கட்டி எது, சதைக்கட்டி எது என்று வித்தியாசம் தெரிந்தது. 1958இல் அவரும் அவருடைய தோழர்களும் எழுதிய கட்டுரை மருத்துவ உலகத்தையே திருப்பிப் போட்டது. இன்று கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் அதன் வழிவந்ததே. கொதிகலனைக் காப்பாற்றப் பிறந்த கருவிதான் மனிதனைக் காப்பாற்ற வந்தது. நமக்கு மட்டும் அது ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்பதே என் கேள்வி.

அதே கருவியோடு டாப்ளர் சேர்ந்தால், குழாயின் உருவத்தோடு இரத்தம் ஓடும் வேகமும் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவாட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் கீச்சென்று கேட்கும். தாண்டிப் போகும்போது சுருதி இறங்கும். 1842இல் ஆஸ்திரியாவின் கிறிஸ்தியன் டாப்ளர் இந்தத் தத்துவத்தைச் சொன்னார். 1845இல் ஹாலந்தில் ஊதுகுழல் வாசிப்பவர்களை ரயிலில் ஏற்றிச் சோதித்தே பார்த்தார்கள். ஓடும் இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் அப்படித்தான் மாறுகிறது. ஆற்றின் குறுகிய இடத்தில் தண்ணீர் சீறிப் பாய்வதைப் போல, குழாய் குறுகிய இடத்தில் இரத்தம் வேகமெடுக்கும். பக்கத்து இடத்தைவிட வேகம் இரண்டு மடங்கானால், அங்கே பாதிக்கு மேல் அடைப்பு என்று மருத்துவர் கணக்கிடுவார். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. பசையைத் தடவிக் கருவியை ஓட்டுவதுதான் வேலை. ஆனால் எடுக்கிறவர் பழகிய கையாக இருக்க வேண்டும்.

அதற்கும் மேலே போனால் சிடி ஆஞ்சியோகிராம், எம்ஆர் ஆஞ்சியோகிராம், பிறகு குழாய்க்குள்ளேயே மெல்லிய குழலைச் செலுத்தி மருந்து விட்டு எக்ஸ்ரே படம் எடுப்பது. இந்தக் கடைசி முறைதான் மூத்தது. லிஸ்பன் நகரத்தில் 1927இல் மோனிஸ் மூளைக் குழாய்களையும், 1929இல் தோஸ் சந்தோஸ் வயிற்றுப் பெருங்குழாயையும் மருந்து விட்டு எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். சிடிக்கும் இதற்கும் செலுத்தும் அயோடின் மருந்து, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குத் தொந்தரவு தரலாம். ஆகவே இனிப்பு நீர்க்காரர்கள் தாங்கள் சாப்பிடுகிற மாத்திரைகளையும் சிறுநீரக நிலைமையையும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

படம் எடுத்தால் போதுமா, கால் பிழைக்குமா என்று கேட்பீர்கள். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லந்து நகரத்தில், 80 வயதைக் கடந்த ஒரு மூதாட்டியின் பாதம் அழுக ஆரம்பித்திருந்தது. வெட்டியே ஆக வேண்டும் என்றார்கள். அம்மாள் ஒப்பவில்லை. படத்தில் பார்த்தால் தொடைக் குழாயில் ஒரு சிறிய இடத்தில் மட்டும் அடைப்பு. சார்ல்ஸ் டாட்டர் என்ற எக்ஸ்ரே மருத்துவர் குழலைச் செலுத்தி அந்த இடத்தை விரித்தார். பாதம் சூடேறியது. பிறகு வாழ்ந்த காலம் முழுவதும் அந்த அம்மாள் தன் இரண்டு காலில்தான் நடந்தார். இன்று பலூன் வைத்து விரிப்பது அந்த வழியில் வந்ததே. எல்லோருக்கும் இது பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடைப்பு எங்கே என்று தெரியாமல் யாருக்கும் பலிக்காது.

காலோடு முடியவில்லை

கழுத்துக் குழாயை இதே ஸ்கேனில் பார்க்கலாம். வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறிப் பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டாலும் அது வரப்போகும் பக்கவாதத்தின் முன்னறிவிப்பு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றுப் பெருங்குழாய் 3 சென்டிமீட்டருக்கு மேல் புடைத்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். பிரிட்டனில் 65 வயது ஆண்களை இதற்காக அரசாங்கமே அழைத்து ஒரு தடவை ஸ்கேன் செய்கிறது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கனத்தால், உள் நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று சொல்வதும் அல்ட்ராசவுண்ட்தான்.

கண்ணையும் மறக்கக் கூடாது. உடம்பைத் திறக்காமல் இரத்தக் குழாயை நேரடியாகப் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. அரசாங்கக் கிளினிக்குகள் பலவற்றில் அதைப் படம் எடுக்கும் கேமரா இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் 1951இல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கத்தின் வழியாக நடந்து போகிறவர்கள், வெள்ளைக் கோலோடு போகும் சகோதரர்களைத் தினம் பார்க்கிறார்கள். இனிப்பு நீர் கண்ணைக் கெடுப்பது பாதத்தைக் கெடுப்பது போலவே சத்தமில்லாமல் நடக்கிறது. கண் படமும் வருஷத்துக்கு ஒன்று வேண்டும்.

எல்லோரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டுமா?

வேண்டாம். இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "முழு உடம்பு ஸ்கேன், சலுகை விலை" என்று விளம்பரம் போட்டு நம்மவர்களின் சம்பளத்தைக் கறக்கிற வியாபாரமும் நடக்கிறது. எந்தக் குறியும் இல்லாதவர்களுக்குக் கழுத்து ஸ்கேன் எடுப்பதைப் பரிந்துரைக்க முடியாது என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2021இல் மறுபடியும் உறுதிப்படுத்தியது. தேவையில்லாத ஸ்கேன் தேவையில்லாத பயத்தையும், சில நேரம் தேவையில்லாத கத்தியையும் கொண்டு வரும்.

அதே சமயம், சரியான ஆளைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் பலன் உண்டு. டென்மார்க்கில் 65 முதல் 74 வயது வரையுள்ள 50,000 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மட்டும் வயிற்றுக் குழாய் ஸ்கேன், கணுக்கால் அழுத்தம், இரத்தக் கொதிப்பு ஆகிய மூன்றுக்கும் அழைத்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, அழைக்கப்பட்ட பிரிவில் மரணம் 100க்கு 7 பங்கு குறைந்தது. ஆகவே நம் கோரிக்கை எல்லோருக்கும் ஸ்கேன் என்பதல்ல. இனிப்பு நீர் உள்ளவர், புகைப்பவர், நடந்தால் கால் பிடிப்பவர், புண் ஆறாதவர் ஆகியோருக்கு முதலில் பாதமும் நாடியும் கணுக்கால் அழுத்தமும். அதில் கோளாறு தெரிந்தவருக்குத் தாமதமில்லாமல் ஸ்கேன்.

இயந்திரம் இருக்கிறது, வழிதான் இல்லை

கிள்ளான் பள்ளத்தாக்கில் இயந்திரத்துக்குப் பஞ்சமில்லை. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. 1968இல் திறந்த மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் இருக்கிறது. கிள்ளானில் 1985 முதல் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. பிறகு ஏன் கால் போகிறது?

நடுவில் இருந்த படி உடைந்துவிட்டது. தோட்டத்தில் டிரேசர் இருந்தார். அவருக்கென்று 1965இல் பதிவுச் சட்டமே போட்டார்கள். 1966ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்ட ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுகின்றன. டிரேசர் எல்லாம் தெரிந்தவர் அல்லர். ஆனால் யார் வீட்டில் யாருக்குப் புண் என்று அவருக்குத் தெரியும். பெரங் புசார் தோட்டம் புத்ராஜெயா ஆனது. இன்னும் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்பு ஆயின. சனங்கள் சிதறிப் போனார்கள். டிரேசரும் போனார். அவருடைய வேலையை எடுத்துச் செய்ய யாரையும் போடவில்லை.

இன்னொரு சங்கடம் கூலி. ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தால் காலையில் போய்ச் சாயங்காலம்தான் திரும்ப முடியும். கையில் கிடைப்பது எம்.சி. அல்ல, நேரச் சீட்டு. தோட்டத்தில் அன்றைய கூலி போச்சு. சட்டப்படி வேலைக்காலத்தைப் பொறுத்து வருஷத்துக்கு 14, 18, 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. 2023 ஜனவரி முதல் ஆஸ்பத்திரியில் தங்கும் 60 நாள் தனிக் கணக்கு. ஆனால் நோய் என்ன என்று கண்டுபிடிக்கப் போகிற நாள் இந்த இரண்டிலும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது. "ஒரு நாள் கூலியை விட்டுட்டு வலிக்காத காலைக் காட்டப் போவனாண்ணே?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரல்ல, நிர்வாகம்.

சொக்சோ 2013 முதல் 40 வயதானவர்களுக்குப் பரிசோதனைத் திட்டம் நடத்தியது. 2019 முதல் குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதானவர்களுக்கு பெக்கா பி40 திட்டம் இருக்கிறது. இரத்தம், சிறுநீர், அழுத்தம், எடை எல்லாம் பார்க்கிறார்கள். உபயோகமான திட்டங்கள், தகுதி உள்ளவர்கள் கட்டாயம் போக வேண்டும். சர்க்கரை இருக்கிறதென்று அங்கே தெரிந்துவிடும். தெரிந்தவரின் காலை அடுத்து யார் பார்ப்பது என்ற இடத்தில்தான் சங்கிலி அறுகிறது. நீரிழிவுப் பாதத்துக்கு அமைச்சே 2018இல் வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாதத்தைச் சோதிக்க வேண்டும் என்பது ஏற்றுக்கொண்ட விதி. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கையும் நோய் வருமுன் காப்பதைத்தான் பேசுகிறது. ஏட்டில் இருப்பது லயத்துக்கு வர வேண்டும்.

இது நடக்காத காரியமா? இதே கிள்ளானில் நடந்திருக்கிறது. 1901இல் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி மலேரியாவை அடக்கினார். பிறகு தோட்டந்தோட்டமாகப் போய் நம் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று எண்ணிக் கணக்கெடுத்தார். எந்தத் தோட்டத்தில் நோய் அதிகம், எங்கே வடிகால் வெட்ட வேண்டும் என்று அந்தக் கணக்கு காட்டிக் கொடுத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் விரலால் தொட்டே அதைச் செய்ய முடிந்ததென்றால், கையடக்க டாப்ளர் உள்ள இந்தக் காலத்தில் பாதக் கணக்கு எடுக்க முடியாதா?

நாம் கேட்க வேண்டியவை

அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சங்கம் இவற்றை மேசையில் வைக்க வேண்டும். ஒன்று, 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் இனிப்பு நீர் உள்ள எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு நாள் தோட்டத்திலேயே பாதப் பரிசோதனை. அன்று முழுச் சம்பளம். இரண்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேன் நாளுக்கு நேரச் சீட்டே போதும், கூலி வெட்டக் கூடாது. மூன்று, ஆஸ்பத்திரிக்குப் போக வர வண்டி. நான்கு, இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களையும் சேர்க்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அவர்களுக்குக் கட்டணம் நம்மைவிடப் பல மடங்கு. அதே முள்தான் அவர்கள் காலிலும் குத்துகிறது.

தோட்டத்தை விட்டு வந்த பெரியவர்களுக்குக் கூட்டு ஒப்பந்தம் கிடையாது. அவர்களுக்காகக் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் மாவட்டச் சுகாதார அலுவலகத்தோடு பேசி, மண்டபத்தில் ஒரு காலைப் பொழுது பாதப் பரிசோதனை வைக்கலாம். அன்னதானத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதி பேர் காலையும் காட்டிவிட்டுப் போவார்கள்.

நாமும் செய்ய வேண்டியது இருக்கிறது. இன்று இரவு கால் கழுவிய பிறகு இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாத அப்பாவுக்கு, அம்மாவுக்கு நீங்கள் பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடச் சில்லென்று இருக்கிறதா? நிறம் மாறியிருக்கிறதா? விரலிடுக்கில் வெடிப்பு, முள் குத்திய தடம், இரண்டு வாரமாகியும் ஆறாத புண் உண்டா? இருந்தால் கிளினிக்குக்குப் போய், "டாக்டர், என் கால் நாடியைப் பாருங்க, கணுக்கால் அழுத்தம் பாருங்க" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. திடீரென்று கால் வெளுத்துச் சில்லிட்டு வலி தாங்க முடியாமல் போனால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே மணிக்கணக்குத்தான், நாள் கணக்கல்ல. சிகரெட்டை விடுங்கள், அடைத்த குழாய்க்கு அதைவிடப் பெரிய விரோதி இல்லை.

தோழர்களே! கொதிகலன் ஒரு நாள் நின்றால் எத்தனை டன் எண்ணெய் நஷ்டம் என்று முதலாளிக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு தொழிலாளியின் கால் போனால் அந்தக் குடும்பம் எத்தனை வருஷம் நொண்டுகிறது என்று நாம்தான் கணக்குச் சொல்ல வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் கிளையில் இனிப்பு நீர் உள்ளவர் எத்தனை பேர், இந்த வருஷம் பாதம் பார்க்கப்பட்டவர் எத்தனை பேர் என்று இரண்டு எண்களை எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த இரண்டு எண்களோடு பேச்சு மேசைக்குப் போவோம்.